கால இயந்திரமும் ஜப்பான்காரன் லாரியும்

பதினோரு வயதில் நான் ஒரு நாவலாசிரியை. இதை நானாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் பாராட்டின் மதிப்பை நான் ஒன்றும் குறைத்துக்கொள்ளவில்லை.

மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில், அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர். உறவு எதுவும் கிடையாது, பெரியம்மா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் அவள் கணவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர் திரும்பவில்லை. செத்தார் என்ற செய்தியும் வரவில்லை. செய்தி இல்லாததால் கருமாதி இல்லை. கருமாதி இல்லாததால் முப்பது வருடமாகத் தாலியும் பொட்டும் அப்படியே இருந்தன. கழற்றச் சொல்ல லயத்தில் ஒருவருக்கும் துணிவில்லை.

தீபாவளிக்கு முதல் பலகாரத் தட்டு, மழைக்காலத்துக்கு விறகு, ஒழுகும் கூரைக்குத் தகரம் என்று அவளுக்கு வேண்டியதையெல்லாம் என் அப்பாதான் பார்த்துக்கொண்டார். ஆனால் தட்டைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். அவள் முகத்தைப் பார்த்து அவர் பேசி நான் கண்டதில்லை. பெண்களிடம் அப்பாவுக்குக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் ஈப்போவிலிருந்து வந்த மாமா, பழைய பேப்பர் கடையில் கிடந்த ஒரு நாவலை எனக்குக் கொண்டுவந்தார். அட்டை இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. ஒரு விஞ்ஞானி இயந்திரம் செய்து முந்நூறு வருடம் பின்னால் போகிறான். போரில் தோற்க வேண்டிய ராஜாவிடம், பகைவர்கள் வரும் வழியைச் சொல்லிவிடுகிறான். ராஜா ஜெயித்துவிடுகிறார். இவன் பெருமையோடு ஊர் திரும்பினால் தெருவில் வேறு கொடி பறக்கிறது, வேறு பாஷை பேசுகிறார்கள். மனைவி இன்னொருவன் மனைவியாக இருக்கிறாள். மகள் பிறக்கவே இல்லை.

தினமும் மத்தியானம் பெரியம்மா வாசலில் ரப்பர் பால் வாளிகளைத் தேய்ப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். பத்து நாள் ஓடியது. ராஜாவும் போரும் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. "அந்தப் பொம்பளப் புள்ள எங்க போச்சு?" என்பதையே கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கேயும் போகவில்லை, பிறக்கவே இல்லை என்று வாத்தியார் தோரணையில் விளக்கினேன். ஒன்றை மாற்றினால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லாமே மாறும், அதுதான் விஞ்ஞானம் என்றேன்.

"பாவம்லா," என்றாள்.

முடிவு கிழிந்துபோன கதையைவிட நல்ல கதையாக நானே எழுதப்போகிறேன் என்று அறிவித்தபோதுதான் நாவலாசிரியை பட்டம் கிடைத்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அந்த இயந்திரம் நம் தோட்டத்துக்கும் வருமா என்று கேட்டாள். வராமல் என்ன, எந்த நாளுக்கு வேண்டும் என்றேன். நாள் அவளிடம் தயாராக இருந்தது.

நேற்றுச் சந்தைக்குப் போன கதையைச் சொல்வதுபோல் சொன்னாள். பால் நிறுக்கும் கொட்டகை முன்னால் ஆட்களை வரிசையாக நிறுத்தி, கணக்கெழுதும் கிராணி இருபது பெயர் வாசித்தார். பத்தொன்பது பேர்தான் லாரியில் ஏறினார்கள். ஒருவன் ஓடி ஒளிந்துவிட்டான். ஜப்பான்காரனுக்குக் கணக்கு இருபது. அந்த நேரம் பார்த்து அவள் கணவர் தோளில் காண்டாக் கம்பும் இரண்டு பக்கமும் வாளியுமாக வந்திருக்கிறார். பட்டியலில் அவர் பெயரே கிடையாது. சிப்பாய் விரலை நீட்டினான், ஏற்றிவிட்டார்கள். வாளியை இறக்கிவைக்கக்கூட விடவில்லை. பால் முழுக்க மண்ணில் கொட்டிப்போனது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. துக்கத்தினால் அல்ல, கதை கிடைத்துவிட்ட சந்தோஷத்தில். இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஓடிப்போய்ப் பென்சிலைச் சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

"ஓடுனவன் எங்க ஒளிஞ்சான்னு மட்டும் சொல்லுங்க பெரியம்மா. அவனப் புடிச்சு ஏத்திட்டா, ஒங்க வீட்டுக்காரரு எறங்கிருவாரு."

என்னை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தாள். நெற்றியில் விழுந்திருந்த என் முடியை ஈரக்கையால் ஒதுக்கிவிட்டாள்.

"வேணாம் பாப்பா. அவரையே ஏத்தி வுட்டுரு."

அப்புறம் இயந்திரம் எதற்கு என்று சண்டை போட்டேன். அது வந்ததற்கு, தான் ஒரு தடவை அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும் என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இராத்திரிச் சாப்பாட்டில் இந்த அநியாயத்தை வீட்டில் முறையிட்டேன். அப்பாவின் கை சோற்றில் நின்றது. பெரியம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார், சொன்னேன். பாதித் தட்டோடு எழுந்து கைகழுவிவிட்டு வெளியே போய்விட்டார். குழம்பில் உப்புக் கூடிப்போனதாக்கும் என்று அம்மா வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

எண்பதுகளில் தோட்டம் கைமாறியது. லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். ஈப்போவில் ஓர் அடுக்குமாடிக்கு நாங்கள் குடிபோனபோது, அப்பா பெரியம்மாவையும் கூட்டிவந்து கீழ்த்தளத்தில் வைத்தார். அங்கேதான் அவள் செத்தாள். குளிப்பாட்ட வந்த பெண்களுக்குள் தகராறு. அறுபது வயதுப் புருஷன் எங்கேயோ உயிரோடு இருக்கிறானா, தாலியைக் கழற்றுவதா, மஞ்சள் குங்குமத்தோடு அனுப்புவதா என்று ஆளுக்கொரு முறை பேசினார்கள். பெண்கள் நடுவே வாயே திறக்காத அப்பா உள்ளே வந்தார்.

"தாலியோட போவட்டும். லிஸ்டுல இருந்தது எம் பேரு. நான் சதுப்புல எறங்கி ஒளிஞ்சத இந்தம்மா பார்த்துச்சு. புருசன ஏத்தும்போதும் வாயத் தொறக்கல."

மஞ்சள் அரைக்க யாரோ எழுந்து போனார்கள்.

நான் கேட்டபோது சதுப்பு என்ற ஒரே சொல்லை அவள் சொல்லியிருந்தால் போதும். என் கதையில் அவள் கணவர் லாரியிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்திருப்பார். அன்று இருபது வயதில் கல்யாணம் ஆகாமல் இருந்த என் அப்பா சயாமுக்குப் போயிருப்பார். பென்சிலோடு அவள் வாசலில் உட்கார்ந்திருக்க நான் இருந்திருக்க மாட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் கணவரை இரண்டாம் தடவையும் அவள் லாரியில் ஏற்றி அனுப்பினாள். நானோ, நல்ல கதையைக் கெடுத்துவிட்டாளே என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.