பெஞ்சில் இருந்த தெய்வானையும் எங்கள் லீலா மிஸ்ஸும்

மண் கோர்ட்டில் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டதும் ஒரு வாசனை வரும் பாருங்கள்... ஈர மண்ணும் தோல் பந்தும் கலந்த வாசனை. அறுபதுகளின் நடுவில், கோயமுத்தூரில் பெண்கள் கல்லூரியில் படித்த எனக்கு, சாயங்காலம் என்றாலே அதுதான்.

பக்கத்து மில்லில் சங்கு ஊதும்வரை பேஸ்கட்பால் ஆடுவோம். முழங்கால் தெரிகிற மாதிரி பாவாடை போட்டு ஆடுவதற்கே வீட்டில் எத்தனை பேச்சு வாங்கியிருப்போம்...

எங்கள் கோச் லீலா மிஸ்ஸுக்கு முப்பது வயதுகூட இருக்காது. காட்டன் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேன்வாஸ் ஷூ போட்டு, எங்களோடு சேர்ந்து ஓடுவார். அதட்டவே மாட்டார். ஆனால் ஒன்றை முடிவு செய்துவிட்டால் யார் சொன்னாலும் அசைய மாட்டார்.

அவரிடம் எங்களுக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. மேட்ச் மும்முரமாகப் போய்க்கொண்டிருக்கும்போது, நன்றாக ஆடுகிறவளை வெளியே கூப்பிட்டுவிட்டு, பெஞ்சில் இருக்கும் புதுப்பெண்ணை இறக்கிவிடுவார்.

அப்படி இறங்கியவள்தான் தெய்வானை. பெருந்துறைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். குள்ளம். பந்து கைக்கு வந்தால் போதும், அவசரமாக யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் மூச்சு விடுவாள்.

அந்த வருஷம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில், செமி ஃபைனலில் நாங்கள் நல்ல முன்னிலையில் இருந்தோம். மிஸ் என்னை உட்காரவைத்துவிட்டு தெய்வானையை இறக்கினார். அவள் தடுமாறினாள். பாயின்ட் மளமளவென்று போயிற்று. ஏதோ கடைசியில் தப்பித்தோம்.

மறுநாள் பிரின்சிபால் அம்மா கிரவுண்டுக்கே வந்துவிட்டார்.

"லீலா, கப்பு நம்ம காலேஜுக்கு வரோணும். ஃபைனல்ல இந்தப் பரீட்சை எல்லாம் வேண்டாம்."

"கப்புக்குத்தானுங்க மேடம் நானும் பாடுபடறேன். யாரை எறக்கறதுங்கறதை மட்டும் எனக்கு விட்ருங்க."

பிரின்சிபால் அம்மாவிடம் அப்படிப் பேசி நாங்கள் யாரையும் பார்த்ததில்லை. அவர் போனதும் எங்கள் கேப்டன் சரசு கேட்டே விட்டாள்.

"ஏனுங்க மிஸ், ஜெயிக்கற மேட்ச்சுல எதுக்குங்க எங்களை உக்கார வெக்கறீங்க?"

"அவளும் தெனமும் உங்ககூடத்தானே ஓடறா, கண்ணு? மேட்ச்சுன்னா மட்டும் உக்காந்து கை தட்டிட்டு இருக்கோணுமா?"

சரசு பந்தை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்விட்டாள். எனக்கும் மனசு ஆறவில்லைதான்.

ஃபைனல் எங்கள் கிரவுண்டிலேயே நடந்தது. உட்கார இடமில்லை. எதிர் டீமில் நெடுநெடுவென்று ஒரு பெண்... அவள் கைக்குப் பந்து போனால் அது கூடையில் விழுந்த மாதிரிதான். அவளைத் தடுத்துத் தடுத்தே சரசுவுக்கு மூச்சு வாங்கியது. இரண்டாம் பாதியில் சம பாயின்ட். மிஸ் எழுந்தார்.

"சரசு, நீ வா. தெய்வானை, போ. அந்த ஒசரமான புள்ள கைக்குப் பந்து போகக்கூடாது. அது ஒண்ணுதான் உன்ற வேலை."

முன்வரிசையில் பிரின்சிபால் அம்மாவின் முகம் இறுகியது.

வந்த முதல் பந்தே தெய்வானையைத் தாண்டிப் போய் அந்தப் பெண்ணின் கைக்குச் சேர்ந்தது. கூடை! "அந்தப் புள்ளைய மாத்துங்க!" என்று கூட்டத்தில் ஒரே சத்தம். தெய்வானை திரும்பி பெஞ்சைப் பார்த்தாள். மிஸ் கூப்பிட்டுவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"இங்க பாக்காத கண்ணு! பந்தைப் பாரு!"

லீலா மிஸ் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் ஆடினாள் பாருங்கள்! உயரத்தில் எட்டாது என்று தெரிந்ததும், அந்தப் பெண்ணுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, பந்து வரும் வழியிலேயே தட்டிவிட்டாள். நெட்டைப் பெண் திணறிப்போனாள்.

கடைசி நேரம். நாங்கள் ஒரு பாயின்ட் பின்னால். என்னை இரண்டு பேர் மறித்துக்கொண்டார்கள். கூடைக்குப் பக்கத்தில் தெய்வானை தனியாக நின்றாள். அவளுக்குப் பந்தைக் கொடுத்தேன். எப்போதும்போல யாருக்காவது தள்ளிவிடுவாள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம்.

எறிந்தாள்.

பந்து வளையத்தில் பட்டு, ஒரு சுற்றுச் சுற்றி... வெளியே விழுந்தது. விசில்.

தெய்வானை மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள். "என்னாலதானுங்க மிஸ் போச்சு..."

மிஸ் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "எறிஞ்ச பாரு, எனக்கு அது போதும். முன்னயெல்லாம் நீ எறிஞ்சிருக்கவே மாட்ட. எந்திரி அம்மணி, அவங்களுக்குக் கை குடுத்துட்டு வரலாம்."

பிரின்சிபால் அம்மா எழுந்து போய்விட்டார். மறுநாள் அசெம்பிளியில் மிஸ்ஸே முன்னால் வந்து, "தோத்ததுக்கு நான்தான் பொறுப்பு. புள்ளைங்க நல்லாத்தான் ஆடுனாங்க" என்றார். அவருடைய வேலைக்கே ஆபத்து என்று ஹாஸ்டலில் பேசிக்கொண்டார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரமும் அதே கிரவுண்ட், அதே மிஸ், அதே பிடிவாதம்.

அடுத்த வருஷம் நான் படிப்பை முடித்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். ஃபைனல் அன்றைக்கு டியூட்டி மாற்றிக்கொண்டு ஓடினேன். கேப்டன் யார் தெரியுமா? தெய்வானை!

எங்கள் கல்லூரிதான் முன்னால் இருந்தது. ஆனாலும் எப்போது வேண்டுமானாலும் கைநழுவிப் போகிற சின்ன முன்னிலைதான். அந்த நேரத்தில் தெய்வானை தானாகவே மிஸ்ஸிடம் வந்தாள்.

"நான் செத்த நேரம் உக்காந்துக்கறேனுங்க மிஸ். மல்லிகா இன்னும் ஆடவே இல்லீங்க."

மிஸ் அவளையே ஒரு நிமிஷம் பார்த்தார். மிஸ்ஸின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

மல்லிகா ஆடினாள். கப்பு வந்தது. விசில் அடித்தபோது கேப்டன் பெஞ்சில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தாள்!

போன மாதம் என் தம்பி பேத்தியின் மேட்ச்சுக்குப் போயிருந்தேன். மரத்தரை, பளீரென்று லைட்டு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்களைவிட எவ்வளவோ நன்றாக ஆடுகிறார்கள், பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒரு பெண் மட்டும் கடைசிவரை பெஞ்சிலேயே இருந்தாள். சட்டையில் ஒரு துளி வியர்வை இல்லை.

"நீ எப்ப கண்ணு ஆடுவ?" என்று கேட்டேன்.

"டைட் மேட்ச்சுங்க பாட்டி... கோச் ரிஸ்க் எடுக்க மாட்டாருங்க" என்று சிரித்தாள்.

அவள் நன்றாக ஆடுவாளோ மாட்டாளோ, எனக்குத் தெரியாது. அந்தக் கோச்சுக்கும் தெரியாது... பாவம், அவளுக்கே இன்னும் தெரியாது.