தரிப்பிடத்தில் ஒரு கண்ணாடிக் குடை

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். வெளியே தூறல். லண்டன் நோர்பரியில் மச்சானின் முன்னறையில், அவருடைய பழைய கணினிக்கு முன்னால் நாங்கள் இருவரும் இருந்தோம். மச்சான் என்றால் என் தங்கையின் கணவர். லண்டனில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்று, தங்கையும் இறந்தபின், பஸ் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றில் தன் பழைய வழித்தடத்தையே நாள்தோறும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வழித்தடத்தின் ஒரு தரிப்பிடத்தில் தங்கையை நிறுத்தவேண்டும் என்பது அவருடைய ஆசை. ஷிப்ட் நாள்களில் அவள் பிளாஸ்க்கில் தேநீருடன் அங்கேதான் காத்து நிற்பாள். மழையில், ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் குடையுடன் அவள் நின்றபோது அவர் எடுத்த படம் ஒன்று இருந்தது. அதை விளையாட்டுக்கு ஏற்றபடி சுருக்கும் வேலை, கட்டடப் படவரைஞனாக இருந்த என்னிடம் வந்தது.

அந்த விளையாட்டு ஏற்கும் படக்கோப்பு வடிவங்கள் இரண்டு. டிஎக்ஸ்டி 1 என்பதில் படம் இரண்டு மெகாபைட்; டிஎக்ஸ்டி 5 என்பதில் நான்கு. சிறியதில் ஒரு புள்ளி முழுதாகத் தெரியும், அல்லது அறவே தெரியாது. பாதி தெரிவதற்கு இடமில்லை. ஆகவே குடை வெள்ளைத் தகடாகி அவள் முகத்தை மூடியது. எது தெரியவேண்டும் என்ற எல்லையை மாற்றினால் குடையே மறைந்துபோனது. பெரியதில் குடை குடையாகவே இருந்தது. ஆனால் கணினி ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்தது. எதைக் குறைப்பது என்று இரண்டு கிழமை கணக்குப் போட்டேன்.

“எண்ணாட்டி உமக்கு நித்திரை வராதே, மச்சான்?” என்று சிரித்தார் அவர்; என்னையும் அவர் மச்சான் என்றே கூப்பிடுவார்.

அன்று இரண்டு படங்களையும் அருகருகே வைத்துக் காட்டினேன். சிறியதில் அவள் வெறும் கைப்பிடியைப் பிடித்தபடி மழையில் நின்றாள்.

“எது நல்லது?” என்று கேட்டேன்.

“ரெண்டும் ஒண்டுதானே. சின்னனைப் போடும், இடமும் மிச்சம்.”

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். குடையில்லாத படத்தை மட்டும் திரை நிறையப் பெருப்பித்தேன்.

“குடை தெரியுதோ?”

“ஓம், வடிவாத் தெரியுது.”

அவர் என் பக்கம் திரும்பவில்லை. நீரிழிவு கண்ணைத் தின்றுகொண்டிருப்பது எனக்குத் தெரியும்; இவ்வளவு தூரம் என்று தெரியாது.

“பிள்ளையளுக்குச் சொல்லிப்போடாதேயும்,” என்றார் பிறகு, மிக மெல்ல.

இப்போது நான் பக்கத்திலிருந்து சிவப்பு, பச்சை என்று சொல்ல, அவர் ஓட்டுகிறார். அந்தத் தரிப்பிடத்தில் மட்டும் நான் சொல்லாமலே நிறுத்துகிறார். அவருடைய கண்ணுக்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. தங்கையை நனையவிடவும் மனம் வரவில்லை. தெருவோர மரங்களின் படங்களைப் பாதியாக்கி, பெரியதையே போட்டேன். ஆன செலவு, கூடுதலாக இரண்டு மெகாபைட்.