சைக்கிளை என் கையில் தந்தவர்

ரொறன்ரோவுக்கு வரும் வழியில், களவாக ஆட்களைக் கொண்டுபோகும் ஏஜென்சிக்காரன் எங்களை ஐரோப்பாவில் ஒரு மலையடியில் இறக்கிவிட்டான். கணவாயை நடந்து கடந்தால் மற்றப் பக்கம் வாகனம் நிற்கும் என்றான். என்னுடன் நாலு வயது மகளும் தம்பியும் இருந்தார்கள்.

பாதி ஏற்றத்தில் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. மாறிமாறித் தூக்கிக் களைத்த தம்பி றோட்டோரம் குந்திவிட்டான்.

"இனி ஏலாது அக்கா. பொலிஸ் பிடிச்சால் பிடிக்கட்டும்."

அப்போது ஒரு வெள்ளைக்காரர் சைக்கிளில் ஏறி வந்தார். பிள்ளையைக் காட்டி, சைக்கிளைக் காட்டி, உச்சியைக் காட்டினார். நான் மகளை இறுக்கிக்கொண்டேன்.

"குடுக்காதை அக்கா! உவன் பிள்ளையோடை பறந்திடுவான்."

மகளை இறுக்கியிருந்த என் கைகளை அவர் பார்த்தார். பிறகு இறங்கி, சைக்கிளை என்னிடமே தந்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றார்.

யாழ்ப்பாணத்தில் சைக்கிளிலேயே திரிந்தவள் நான். மகளைப் பாரில் இருத்தினேன். தம்பி அவளைத் தாங்க, உச்சிவரை உருட்டினேன். அடியில் இரும்பு பதித்த சைக்கிள் சப்பாத்துடன் அவர் வழுக்கி வழுக்கிப் பின்னால் நடந்து வந்தார். உச்சியில் சைக்கிளை வாங்கிக்கொண்டு, தலையசைத்துவிட்டுப் போனார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

இப்போது ரொறன்ரோவில், நான் இருக்கும் மல்வேர்ன் பகுதியில், புதிதாக வந்த குடும்பங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். சிலர் கதவுச் சங்கிலியைக் கழற்றாமல், கதவிடுக்கால் என்னைப் பார்ப்பார்கள். முன்பென்றால் மனம் நொந்திருக்கும். இப்போது சட்டியை வாசலில் வைத்துவிட்டு, அவர்கள் கதவைத் திறக்கும்வரை விலகி நிற்கிறேன்.