கூடவே ஒலித்த சுருதி

வீட்டில் எல்லாவற்றையும் சரியாக எழுதிய மகள், பள்ளியின் இசை மாதிரித் தேர்வில் கேட்டு எழுதும் பகுதியை ஏறக்குறைய முழுவதும் கோட்டைவிட்டு வந்தாள். ஒரு மெட்டை ஒலிக்கவிடுவார்கள். அதன் ஆதார சுரத்தைக் கண்டுபிடித்து, மெட்டை மேற்கத்திய முறையில் ஐந்து கோடுகளில் எழுத வேண்டும். மே மாதத் தேர்வில் இதில் தேறினால்தான் அடுத்த வருடம் மேல்நிலை இசை வகுப்பில் இடம். அதற்காகவே அவள் நீச்சல் அணியை விட்டிருந்தாள்.

எங்கே பிசகியது என்று பார்த்துவிட, சனிக்கிழமை காலை இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். வழக்கம்போல் நான் பயிற்சிப் புத்தகத்தின் விடைப் பக்கத்தைப் பார்த்து, மெட்டுக்கு உரிய சுருதியில் சுருதிப்பெட்டியை வைத்தேன். அவள் சிறு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்றவள். பாட்டு என்றால் எங்கள் வீட்டில் முதலில் சுருதிப்பெட்டி. இருட்டறைக்குள் போனதும் விளக்கைப் போடுவதுபோல.

"அம்மா, வெயிட். ஸ்கூல்ல இது கிடையாது."

"எது?"

"ஷ்ருதி பாக்ஸ். யூ ஆர் கிவிங் மீ த ஆன்ஸர்!"

ஆதார சுரம் எது என்பதுதான் கேள்வி. அதையே ஒவ்வொரு முறையும் மெட்டுக்கு முன்பாக நான் ஒலிக்கவிட்டிருக்கிறேன். பள்ளியில் அது இல்லாமல்போக, காதில் விழுந்த முதல் சுரத்தையே 'ஸ' என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். பல மெட்டுகள் பஞ்சமத்தில், அதாவது 'ப'வில், தொடங்குபவை. அப்புறம் எல்லாம் தவறுதான்.

காபியுடன் நின்றிருந்த என் கணவர், "ஆக, அம்மாவும் பொண்ணும் சேந்து இத்தன நாளா காப்பி அடிச்சிருக்கீங்க" என்றார். நாங்கள் சிரிக்கவில்லை.

பெட்டியை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

"மொத நோட்ட நம்பாத. முடியற வரைக்கும் கேளு. எங்க வந்து உக்காருதுன்னு பாரு."

"அதுக்குள்ள ஸ்டார்ட் மறந்துடும்மா."

"மறக்கட்டும். திரும்பப் போடுவாங்கல்ல?"

அன்று பாதிக்குமேல் தவறு. மறுநாளும் உட்கார்ந்தோம். பிறகு கார், சலவை அறை, பல் மருத்துவரின் வரவேற்பறை என்று எங்கே பாட்டு கேட்டாலும் ஆதார சுரத்தைத் தேடினாள். எடிசன் ஊரின் இந்திய மளிகைக் கடை நடுவே, கையில் வெண்டைக்காயோடு கண்ணை மூடி நின்றாள். ஒலிபெருக்கியில் ஏதோ பக்திப் பாட்டு.

பக்கத்தில் வந்த ஒரு ஆன்ட்டி என்னிடம், "எவ்ளோ பக்தி பாருங்க! எங்க வீட்ல ரெண்டும் கோயிலுக்கே வர மாட்டேங்குது" என்றார்.

"காட் இட்!" என்று மகள் கண்ணைத் திறந்தாள். ஆன்ட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

தேர்வு முடிந்து காரில் ஏறியவள், தோளிலிருந்து பையைக்கூடக் கழற்றவில்லை.

"ஃபர்ஸ்ட் ட்யூன் பஞ்சமத்துல ஸ்டார்ட் ஆச்சு. ஐ வெயிட்டட்."

"அப்புறம்?"

"எல்லாத்துக்கும் வெயிட் பண்ணேன். லாஸ்ட் ஒண்ணுதான் ஷ்யூரா தெரியல."

பாடச் சொன்னேன். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அவள் நிறுத்தாமல் கடைசிவரை பாடி, முடிந்த சுரத்தை இன்னொரு முறை பிடித்துப் பார்த்தாள். "யா. இதத்தான் எழுதினேன்."

வண்டியை எடுத்தேன். இடம் கிடைத்த செய்தி ஜூனில் வந்தது.