தகரத்துக்கு அடியில் ஆறிய இரும்பு

எழுபதுகளின் பிற்பகுதி. மரக்காணத்தில் ஒரு சின்ன உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தோம். கணவர் கால் முறிந்து வீட்டில் படுத்திருந்ததால் நான்தான் அளத்தைப் பார்த்துக்கொண்டேன். ஐப்பசி மழைக்குள் எடுக்கிற உப்புதான் எங்களுக்கு அந்த வருஷத்துச் சோறு. அந்த நேரம் பார்த்து, தண்ணீர் இறைக்கிற பம்பின் ஷாஃப்ட் முறிந்தது.

கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு வெல்டர் வந்தார். நோன்பு மாதம். பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் அந்த வெயிலில் வேலை பார்த்தார். முறிந்த பாகத்துக்குப் பதிலாகப் பழைய லாரி ஆக்சில் துண்டு ஒன்றை ஒட்டவைத்தார். பிறகு ஒட்டிய இடத்தைக் கரி நெருப்பில் சிவக்கக் காய்ச்சினார். கீற்றுக் கொட்டகைக்குள் நெருப்பு ஆகாது என்று வெளியே குழி தோண்டி, சுடுசாம்பலுக்குள் புதைத்தார்.

"ரெண்டும் வேற வேற இரும்பும்மா. மெதுவா ஆறணும். சட்டுனு குளுந்துச்சுன்னா ஒட்டுன எடத்துலயே விரிசல் விட்டுடும்" என்றார். இரும்புக்குப் பிள்ளை பெற்றவளுக்குப் பார்ப்பதுபோல் பக்குவமா என்று எனக்குச் சிரிப்பு.

உப்பு விற்கப் போனால் மழை என்று சும்மாவா சொன்னார்கள்? சாயங்காலம் மேற்கே இடித்தது. அளத்தில் முதல் தூறல் விழுந்தால் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, உப்புக் குவியலை மூட ஓடுவோம். அன்றும் ஓடினோம். கீற்றுப் போட்டு மூடி முடித்த பிறகுதான் சாம்பல் குழி ஞாபகம் வந்தது. ஷாஃப்ட் போச்சு என்று குழியைப் பார்க்க ஓடினேன்.

போய்ப் பார்த்தால், வெல்டர் குழியின் மேல் ஒரு தகரத்தைக் கவிழ்த்து, கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் கொடுத்து அதை அழுத்திக்கொண்டிருந்தார். விளக்கு வைக்கிற நேரம் தாண்டிவிட்டது.

"இன்னும் நோன்பு தொறக்கலையா பாய்?"

"கைய எடுத்தா தகரம் பறந்துடும்மா. மழை விடட்டும்."

"நான் புடிக்கிறேன், தள்ளுங்க."

"வேணாம்மா, கை வெந்துடும்."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த குடிதண்ணீரை எடுத்துவந்து, குழந்தைக்கு ஊற்றுவதுபோல் அவர் வாயில் ஊற்றினேன். உதடு அசைய ஏதோ முணுமுணுத்துவிட்டுக் குடித்தார்.

காலையில் சாம்பலைக் கிளறி எடுத்தபோது ஒரு கீறல்கூட இல்லை. ஐப்பசி வரைக்கும் பம்ப் ஓடியது.

மழை வந்ததும் அவரும் கொட்டகைக்குள் ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். முன்பின் தெரியாத குடும்பத்தின் பிழைப்பு கெட்டுவிடக் கூடாதென்று, தலையில் தண்ணீர் கொட்டக் கொட்டத் தாகத்தோடு உட்கார்ந்திருந்த அந்த மனிதரை, முதல் தூறல் விழும்போதெல்லாம் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.