காரப்பொடிக்கு அடியில் ஒரு துண்டு வஞ்சிரம்

வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்துவிடுவது என்று நாங்கள் முடிவு செய்தது, காது மருத்துவரைப் பார்த்துவிட்டு இறங்கி வந்த மாடிப்படியில்தான்.

என் கணவருக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பிரசர்கள் ஓடும் கூடம் அவர் பொறுப்பு. காதில் அடைப்பான் வைத்துக்கொண்டுதான் நிற்பார். ஆனாலும் வருஷக்கணக்கில் அந்த இரைச்சல் உள்ளே இறங்கிவிட்டிருந்தது. "போனது போனதுதான். மிச்சமிருக்கறதைக் காப்பாத்தணும்னா அந்த இடத்தை விட்டு மாறிடுங்க" என்று மருத்துவர் சொன்னது அவருக்குப் பாதிதான் விளங்கியது. படியில் கையைப் பிடித்து நிறுத்தி, முகத்துக்கு நேரே நின்று மறுபடி சொன்னேன்.

"மாறிடலாம். லோனை யாரு கட்டறது?" என்றார்.

அதுதான் சிக்கல். அதே தொழிற்சாலையின் ஸ்டோரில் பகல் வேலை கேட்டால் கொடுப்பார்கள், சத்தமில்லாத இடம். ஆனால் இரவுப்படியும் ஓவர்டைமும் போய்விடும். காலடிப்பேட்டையில் நாங்கள் வாங்கிய இரண்டாவது மாடி வீட்டின் தவணை அந்தப் பணத்தை நம்பித்தான் நின்றது. இருபது வருஷக் கடன், பாதிகூடத் தாண்டவில்லை. ராயபுரத்தில் கப்பல் சரக்கு ஆவணங்கள் பார்க்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் நான் கணக்கு எழுதுகிறேன். என் சம்பளம் வீட்டுச் செலவுக்குச் சரியாகப் போய்விடும்.

"அப்ப சீக்கிரம் முடிச்சிடுவோம்" என்றேன். அவர் என் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முடிச்சிட்டு மாறிக்கறேன்" என்றார்.

அதற்காக அவர் செய்த முதல் காரியம் எனக்குப் பிடிக்கவில்லை. மாறி மாறி வந்துகொண்டிருந்த ஷிப்டை, தொடர்ந்து இரவாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். இரவுப்படி கூடுதலாக வருமாம். எந்தச் சத்தத்திலிருந்து அவரை வெளியே கொண்டுவர வேண்டுமோ, அதற்கான பணம் அங்கிருந்தே வந்துகொண்டிருந்தது. அவர் காது மொத்தமாகப் போவதற்குள் கடன் முடிய வேண்டும். அன்றிலிருந்து நான் செலவுகளைப் பார்த்த விதமே வேறு.

என் வேலையே கணக்கு என்பதால் எதை வெட்டலாம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஷேர் ஆட்டோவை விட்டேன். பெண்களுக்கு இலவசமான சாதாரண பஸ் வரும்வரை நிறுத்தத்தில் நின்றேன். குளிர்சாதனப் பேருந்து ஒன்று காலியாக வந்து கதவைத் திறந்து காட்டிவிட்டுப் போகும். தலைக்குச் சாயம் போடுவதை நிறுத்தினேன். கேபிளை எடுத்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வீட்டிலேயே, கறி கொஞ்சம் குறைவாக, உருளைக்கிழங்கு கொஞ்சம் அதிகமாக. என்னிடமிருந்த இரண்டு நகைகளை விற்றோம். அவர் பி.எஃப். முன்பணம் எடுத்தார். மொய்யை மட்டும் குறைக்க முடியவில்லை. யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது தெருவில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. "யாருக்காகம்மா இப்படிச் சேக்கறீங்க?" என்று கீழ்வீட்டில் கேட்டார்கள். சிரித்து வைத்தேன்.

ஒன்றை மட்டும் குறைக்கக் கூடாது என்று நான் கறாராகச் சொல்லியிருந்தேன். பகலில் தூங்குகிறவர் ஏசி போட்டுக்கொள்ள வேண்டும். மே மாதத்தில் ஒருநாள் அரை நாள் விடுப்பில் வந்து பார்த்தால், ஜன்னல் கம்பியில் ஈரத் துண்டு தொங்குகிறது. அவர் தரையில் தண்ணீர் தெளித்து, அதன்மேல் வெறும் உடம்போடு படுத்திருக்கிறார். ஏசி ரிமோட் பீரோவுக்குள் இருந்தது. நான் வந்தது அவருக்குக் கேட்கவில்லை. எழுப்பாமல் பக்கத்தில் உட்கார்ந்து, கண்டெய்னர் லாரிகளின் ஹாரன் சத்தத்தையெல்லாம் அவருக்கும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அசலில் கூடுதலாகப் பணம் கட்டப் போகும்போதெல்லாம் வங்கியில் இருந்த பெண் ஒரே கேள்வியைக் கேட்பாள். "மேடம், மாசத் தவணையைக் குறைக்கணுமா, வருஷத்தைக் குறைக்கணுமா?"

"வருஷத்தை."

அவள் தட்டி முடித்துப் புதிய கடைசி மாதத்தைச் சொல்லும்போது என் கை தானாகக் காது மடலைத் தொடும். எப்போது தொடங்கிய பழக்கமோ தெரியாது.

மீனுக்கு வருகிறேன். எங்கள் தெருவுக்குக் காலையில் கூடையோடு வருகிறவள் என்னைவிடச் சில வயது மூத்தவள். காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துக்கொண்டு நேராக எங்கள் கேட்டுக்குத்தான் வருவாள். முதல் போணி என் கையால் நடந்தால் கூடை சீக்கிரம் காலியாகிறது என்பது அவள் நம்பிக்கை. வாங்கி முடித்ததும் கொசுறாக ஒரு பிடி நெத்திலி போடுவாள். பிறகு கூடையை அவள் தலைக்கு ஏற்ற நான் ஒரு கை கொடுப்பேன். "தூக்கு கண்ணு" என்பாள். நடுவில் எவ்வளவு பேரம் நடந்திருந்தாலும் அந்தத் தூக்கலில் எல்லாம் சரியாகிவிடும்.

வழக்கமாக வஞ்சிரமோ வவ்வாலோ வாங்கிக்கொண்டிருந்த நான், விலை குறைந்த காரப்பொடி மீனுக்கு இறங்கினேன். குழம்புக்கு நல்ல மீன்தான். முள்ளுக்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து பாத்திரத்தில் கொட்டினால், காரப்பொடிக்கு அடியில் ஒரு துண்டு வஞ்சிரம் கிடந்தது.

அடுத்த முறை கேட்டேன். "அது வெட்டச்சொல்ல நசுங்கிட்ச்சும்மா. எவன் வாங்குவான்? துன்னுட்டுப் போ" என்றாள். நசுங்கிய துண்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அதற்கடுத்த வாரம் இரண்டு சங்கரா. பிறகு ஒரு பிடி இறால். விலையும் குறைந்துகொண்டே வந்தது. "போணி நேரத்துல இன்னா பேச்சு? குடுக்கறத குடு" என்பாள். பழக்கத்துக்குச் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் எங்களைப் பயமுறுத்திய ஒரு காலை வந்தது. ஷிப்ட் முடிந்து வந்ததும் சோறு வைப்பது அவர் வேலை. குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. நான் குளியலறையிலிருந்து ஓடி வந்தால், அவர் அடுப்பின் எதிரில்தான் நிற்கிறார். தலையைச் சாய்த்து, குக்கர் மேலிருக்கும் வெயிட் எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ரெண்டு ஆயிடுச்சில்ல?" என்றார். நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள். அன்றைக்கு 'விசில்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டேன்.

அந்த வாரம்தான், ஞாயிற்றுக்கிழமை, கூடையை இறக்கியவள் மீனை எடுக்கவில்லை. மேலே எங்கள் பால்கனியை ஒருமுறை பார்த்துவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"எம்மா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டியே?"

"சொல்லுக்கா."

"எங்க ஆளு ஒர்த்தரு ஐஸ் கம்பெனி வச்சிகினு கீறாரு. கணக்கு எழுத ஆளு வோணுமாம். பகல் வேலதான். சம்பளம் ஒண்ணும் பெர்சா இல்ல. ஆனா ஆம்பள வூட்லயே குந்திகினு கீறது நல்லதில்ல, மனசு கெட்டுப்பூடும். நான் சொல்லி வச்சிட்டேன். நாளிக்குக் கூட்டிகினு வா."

"யாரைக்கா?"

"இன்னா யாரை? உன் வூட்டுக்காரரதான்!" குரலைத் தணித்தாள். "வேல போயி எத்தினி மாசமாவுது? நானும் பாத்துகினுதான் கீறேன். காலைல எப்ப வந்தாலும் லுங்கியோட பால்கனில நிக்கிறாரு. அண்ணேன்னு கூப்ட்டா திரும்பறதில்ல, கடலயே பாத்துகினு கீறாரு. நீயும் தலய நரைக்க வுட்டுட்ட. ஆட்டோவ வுட்டுட்டு பஸ்ஸுக்கு நிக்கிற. வஞ்சிரம் துன்ன வூடு காரப்பொடி துன்னுது. எனக்குத் தெரியாதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து, 'பகல் வேலை' என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டேன். இத்தனை மாதமாக நானும் அவருக்கு ஒரு பகல் வேலையைத்தானே தேடிக்கொண்டிருந்தேன்.

கேட்டில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகவில்லை, இரவு வேலை என்று. காது என்று. கடனைச் சீக்கிரம் அடைக்கத்தான் இதெல்லாம் என்று.

அவள் முகம் மாறியது. "அப்ப வேல கீதா? சம்பளம் வருதா?"

"வருதுக்கா."

"லோனு கட்றதுக்குத்தான் என் வஞ்சிரத்த துன்னீங்களா?"

அவள் குனிந்து கூடையைத் தானே பிடித்து, தானே முழங்காலில் தாங்கி, தானே தலைக்கு ஏற்றிக்கொண்டாள். நான் நீட்டிய கை அப்படியே இருந்தது. போணி ஆகாமலே போய்விட்டாள்.

மேலே வந்து கணவரிடம் சொன்னேன். முதலில் அவருக்கும் சிரிப்புத்தான். பிறகு, "அவ்வளவு மீனுக்கும் காசு கொடுத்துடு. இந்த மாசம் பேங்குக்குக் கட்ட வேணாம்" என்றார். கடன் முடிய ஒரு மாதம் தள்ளிப்போகும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் கொடுப்பதற்கு அவள் வர வேண்டுமே. அடுத்த ஞாயிறும் வரவில்லை. பக்கத்துத் தெருவில் அவள் குரல் கேட்டது. எங்கள் தெருவுக்குள் திரும்பவில்லை. அந்த இரண்டு வாரமும் வீட்டில் மீன் வாங்கவில்லை. சந்தையில் வாங்கியிருக்கலாம். மனம் வரவில்லை.

மூன்றாம் வாரம் கேட் கம்பியில் தட்டும் சத்தம். ஓடினேன். கையில் பணம் வைத்திருந்தேன்.

"இன்னாது இது?"

"இத்தனை நாள் போட்டதுக்கு."

"கொசுறுக்குக் காசு வாங்கினா என் யாவாரம் வெளங்குமா? உள்ள வையி." கூடையை இறக்கிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கோவமாத்தான் இருந்தேன். ஏமாந்துட்டமேன்னு. அப்புறம் குந்தி யோசிச்சா... எங்க வூட்டுக்காரரு போட்டுல டிரைவரா இருந்தாரு, கண்ணு. இன்ஜின் பக்கத்துலயே பொழப்பு. அவருக்கும் காது பூட்ச்சு. போய்ச் சேர்ற வரிக்கும் நான் கத்திகினேதான் இருந்தேன். உன் ஆளு திரும்பாம நின்னப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்."

நான் மறுபடி பணத்தை நீட்டினேன். சிரித்துவிட்டாள்.

"அடங்க மாட்டியா? அப்டி வோணும்னா ஒண்ணு செய்யி. லோனு முடிஞ்சதும் அந்த வூட்ல ஒரு மூலைய எனக்கு எழுதி வையி. என் மீனும்தானே கட்டிச்சு?"

"எந்த மூலை வேணும்?"

"காத்து வர்ற மூலை." குனிந்தாள். "தூக்கு கண்ணு."

தூக்கிவிட்டேன். அந்தப் பணத்தை வங்கியில் கட்டினேன். அதன் பிறகு காரப்பொடிக்கு அடியில் காரப்பொடிதான் இருந்தது. கொசுறு நெத்திலி மட்டும் தொடர்ந்தது.

அதற்கு மேல் ஒரு வருஷமும் கொஞ்சமும் ஆயிற்று. ஒரு போனஸ், ஒரு முதிர்ந்த சீட்டு, இன்னும் எத்தனையோ பஸ்கள். கடைசித் தவணைக்கு இருவருமே போனோம். வங்கிப் பெண் வழக்கம்போல, "மாசத் தவணையைக் குறைக்கணுமா..." என்று ஆரம்பித்து, திரையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "குறைக்க ஒண்ணுமில்ல மேடம்" என்றாள். அவள் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது. என் கை காதுக்குப் போனதைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

மறுநாளே ஸ்டோருக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தார். இடம் காலியாக ஆறு வாரம் ஆயிற்று. பகல் வேலைக்கு மாறிய முதல் வாரத்து ஞாயிறு, வெயில் ஏறிய பிறகு படிக்கட்டில் மூச்சு வாங்கும் சத்தம். காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மீன் விற்று முடித்துவிட்டு, இரண்டு மாடி ஏறி வந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் கேட்டைத் தாண்டியதே இல்லை அவள்.

"இன்னாம்மா, என் மூலை எது?"

கூடத்து ஜன்னலைக் காட்டினேன். கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்து, சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டிக்கொண்டாள். கடற்காற்று நேராக அங்கேதான் வந்து அடிக்கும். நான் டீ கொடுத்தேன். என் கணவர் சமையலறையில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க! யாரு வந்திருக்காங்க பாருங்க!" என்று கத்தினேன். நறுக்கும் கை நிற்கவில்லை.

"அட, ஏன் கூவற? கூவினா ஒண்ணும் வெளங்காது, சண்ட போடற மாறிதான் இருக்கும். எங்க ஆளுகிட்ட நான் கத்துகினு நின்னு, கடசிலதான் கண்டுபுடிச்சேன். கொரல கீழ எறக்கு. அடி வயித்துலருந்து மெதுவா கூப்புடு."

என் குரல் எப்போதும் மெலிந்த குரல். மிச்சமிருக்கும் காது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருந்தது. அவள் சொன்னபடி மூச்சை இழுத்து, குரலைத் தாழ்த்தி, மெதுவாகக் கூப்பிட்டேன்.

"என்னங்க."

கத்தியைப் பலகைமேல் வைத்துவிட்டு அவர் திரும்பினார். "என்ன?"

மூலையிலிருந்து அவள்தான் சொன்னாள், அதே தாழ்ந்த குரலில், அவருக்கு ஒரு சொல்லும் தவறாதபடி:

"ஒண்ணும் இல்ல அண்ணே. உங்க சம்சாரம் சும்மா கூப்ட்டுப் பாத்துச்சு. டீக்குச் சக்கர பத்தல, அத எடுத்தாங்க."