அம்மாவின் அறுபது செக்கன்

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த கொம்பியூட்டர் வேலை செய்யும்போது அதன் வயிற்றுக்குள்ளிருந்து பல்லி சொல்வதைப் போல ஒரு சத்தம் வரும். டிக், டிக், டிக் என்று சொல்லிவிட்டு ஓயும். பிறகு சூடேறிய தூசியின் மணம் மெல்ல எழும்பும். அம்மா சமையலறையில் நின்றபடியே, பல்லி எந்தப் பக்கத்தில் சொன்னது என்று கேட்பார். அவர் கேட்பது எனக்கு மட்டுமல்ல, கீழே ஒழுங்கையில் மீன் விற்றுக்கொண்டு போகிறவருக்கும், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடலில் குளித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் கேட்கும். அம்மாவின் குரல் அப்படிப்பட்டது.

அந்த வீடு கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருந்தது. பேருக்கு அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர்தான். ஆனால் வெளிநாடு போவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிற்கும் மாமாமார், அவர்களுக்குத் தெரிந்தவர்கள், அவர்களுக்கும் தெரியாதவர்கள் என்று எந்த நேரமும் நாலைந்து பேர் முன் அறையில் பாய் விரித்திருப்பார்கள். 'அலுவல்' சரிவந்தால் ஒருநாள் விடிய ஆள் இருக்காது, சுருட்டிய பாய் மட்டும் மூலையில் சாய்ந்து நிற்கும். அப்படி 'அலுவல்' சரிவந்து கனடாவுக்குப் போன மாமா ஒருவர் விட்டுப் போனதுதான் அந்தக் கொம்பியூட்டர். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்த வயதில் கையில் கொம்பியூட்டர் கிடைத்த மற்றப் பிள்ளைகள் அதில் படித்துப் பெரிய ஆட்களானார்கள். நான் வானொலி நிலையம் தொடங்கினேன்.

கொம்பியூட்டரோடு ஒலிப்பதிவு செய்கிற ஒரு சின்ன வசதியும் வந்திருந்தது. ஒருதரம் அழுத்தினால் அறுபது செக்கன், சரியாக ஒரு நிமிடம் ஓடும். அதற்குமேல் நீங்கள் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் பாதிச் சொல்லோடு உங்கள் வாயை மூடிவிடும். எங்கள் நிலையத்துக்கு 'மூன்றாம் மாடி ஒலிபரப்பு' என்று பெயர். பணிப்பாளரும் அறிவிப்பாளரும் விளம்பரப் பகுதியும் நான். பாயில் படுத்திருந்தவர்கள் நேயர்கள். செய்தி வாசிப்பவர் அம்மா. குழாயில் தண்ணீர் வந்த நேரம், நேற்றிரவு அதிகம் குறட்டை விட்டவரின் பெயர், புட்டுக் கல்லாகிப் போனதற்கான காரணம் எல்லாம் செய்தியில் வரும். நல்ல பதிவு வேண்டுமென்றால் மைக்கை அடுத்த அறையில் வைக்கவேண்டும் என்பது அனுபவத்தில் நான் கண்டுபிடித்த தொழில்நுட்பம்.

அந்த யுத்த காலத்தில் கொழும்பில் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவரும் அதைச் சட்டமாகப் போடவில்லை. ஆனால் எந்தச் சட்டத்தையும்விட ஒழுங்காக நாங்கள் அதைக் கடைப்பிடித்தோம். வீட்டு வாசலைத் தாண்டினால் தமிழை இரகசியம் போலப் பேசவேண்டும். பஸ்ஸில் 'அம்மா' என்று கூப்பிடக்கூடாது, சேலைத் தலைப்பை இழுக்கவேண்டும். தவிர்க்கமுடியாவிட்டால் சிங்களப் பிள்ளை மாதிரி 'அம்மே' என்று சொல்லிச் சமாளிக்கவேண்டும். இறங்குமிடத்தைக் கண்ணால் காட்டவேண்டும். கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்த அப்பாதான் எங்கள் வீட்டில் இந்தத் துறைக்கு மந்திரி. "இஞ்சரும், கொஞ்சம் மெல்லமாக் கதையுமன்" என்பதுதான் அவர் அம்மாவிடம் அதிகம் பேசிய வசனம். தாலி கட்டும்போதும் அதைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அம்மா மெல்லமாகக் கதைத்ததில்லை. பஸ்ஸிலும் நடத்துனரிடம் காலி வீதி முழுவதற்கும் கேட்கும்படி தமிழில்தான் மிச்சக் காசு கேட்பார். நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, இவர் யாரோ என்ற பாவனையில் இருப்பேன். வீரத்தில் நான் அப்பாவின் பிள்ளை.

ஒருமுறை அயலில் 'செக்கிங்' நடக்கிறது, பொலிஸ் தமிழ் வீடுகளைச் சோதிக்கிறது என்று கதை வந்தது. அப்பா வீட்டில் தமிழ் எழுத்து இருந்த எல்லாவற்றையும் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். பஞ்சாங்கத்தைக்கூட மெத்தைக்குக் கீழே தள்ளினார். பிறகு கொம்பியூட்டரைக் காட்டி, அதற்குள் கிடக்கும் கத்தல் எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. ஒரு நிலையத்தின் பணிப்பாளர் தன் நிலையத்தைத் தானே கொளுத்துவாரா? என் மூளையின் முழுப் பலத்தையும் பாவித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லாப் பதிவுகளின் பெயரையும் மாற்றி, பைலா ஒன்று, பைலா இரண்டு, பைலா மூன்று என்று வரிசையாக வைத்தேன். சோதிக்க வருகிறவர் சிங்களவரின் ஆட்டப் பாட்டான பைலாவைக் கண்டால் சந்தோசப்படுவாரே தவிரச் சந்தேகப்படமாட்டார் என்பது என் கணக்கு. அவர் ஒன்றைப் போட்டுக் கேட்டால் என்ன நடக்கும் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

ஆட்கள் வரத்தான் செய்தார்கள். இரண்டு பொலிஸ்காரர்கள். ஒருவர் அடையாள அட்டைகளைப் பார்த்தார். இளையவர் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, சீட்டு விளையாட்டு இருக்கிறதா என்று கேட்டார். ஒரு ஆட்டம் ஆடித் தோற்றார். எழும்பும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அப்பாவின் சேட்டுப் பிழியப் பிழிய வேர்வை. கதவு பூட்டிய கையோடு அம்மா சமையலறையிலிருந்து பெரிய குரலில், அந்தப் பிள்ளைக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டானே என்று கவலைப்பட்டார். படியில் இறங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் அது கேட்டிருக்கும்.

அந்தக் குரலைத்தான் இரண்டு வருடங்களுக்கு முன்னர் வெட்டி எடுத்தார்கள். தொண்டைக்குள் கட்டி. உயிர் தப்பவேண்டுமென்றால் குரலை விடவேண்டும் என்றார் டொக்டர். அம்மா கையெழுத்து வைத்தார். அதற்குப் பிறகு மடியில் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவுமாக இருந்தார். கனடா மாமா ஃபோனுக்கு ஒரு செயலி அனுப்பினார்; எழுதியதை அது நல்ல தமிழாக்கி வாசித்துச் சொல்லுமாம். அம்மா முதல் நாளே அதில், அப்பா மருந்து குடித்தாரா என்று எழுதினார். ஃபோனுக்குள்ளிருந்து ஒரு பெண், ரயில் தாமதத்துக்கு வருந்துகிறவளைப் போன்ற செந்தமிழில், "நீங்கள் மருந்து அருந்தினீர்களா?" என்றாள். அப்பா மரியாதையாக எழும்பி நின்றுவிட்டார். அம்மா ஃபோனைக் கதிரையில் எறிந்துவிட்டுப் பலகையில் எழுதினார்: "ஆரிவள்?"

நாங்கள் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. அதன் பிறகு ஆட்கள் வந்தால் உள் அறைக்குள் போய்விடுவார். பலகையும் காய்ந்து கிடந்தது. ஒருநாள் பின்னேரம் நான் பக்கத்தில் இருந்தபோது அதை எடுத்து, "என்ரை குரல் எனக்கே மறந்து போச்சு" என்று எழுதி, நான் வாசித்தேனா என்று முகத்தைப் பார்த்து உறுதிப்படுத்திவிட்டு, கையால் அழித்தார்.

அன்றிலிருந்து வீட்டில் இருந்த ஒலி எல்லாவற்றையும் கிண்டினேன். கையில் நல்ல ஃபோன் வந்த காலத்தில் அம்மாவின் குரல் கரகரத்துப் போயிருந்தது. என் கலியாண வீடியோவில் அம்மா மூன்று மணித்தியாலம் வாயசைக்கிறார். மேலே ஓடுவது முழுக்க நாதஸ்வரமும் சினிமாப் பாட்டும். எஞ்சியிருந்தது பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான். கொம்பியூட்டரைப் பழைய சாமான்காரருக்குக் கொடுத்தபோது அதை மட்டும் கழற்றி, பாடசாலைக் காலத்து வெள்ளைச் சொக்ஸ் ஒன்றுக்குள் போட்டு அலுமாரியில் வைத்திருந்தேன். வெள்ளவத்தையில் கடல் காற்றுக்கு எதுவும் தப்பாது. காற்றாடியும் கம்பியும் குளிர்சாதனப் பெட்டியும் துருப்பிடிக்கிற ஊரில் சொக்ஸ் என்ன செய்யும்? ரவுட்டரை அணைத்துப் போட்டுச் சரிசெய்தவன் என்ற வகையில் எங்கள் வீட்டின் கொம்பியூட்டர் நிபுணர் நான். நானே இணைத்தேன். வீட்டின் மின்சாரம் முழுவதும் போனது. பாமன்கடையில் கொம்பியூட்டர் கடை ஒன்றின் பொடியன்கள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது வாகனத்தில் எந்த இடத்தில் பூட்டுவது என்று கேட்டார்கள்.

மனைவி நல்லவள். ஆனாலும் சொன்னாள். "அது செத்துப்போச்சப்பா. மாமிக்கு வீணா ஆசை காட்டாதைங்கோ."

செத்துப்போனதைச் செத்துப்போனது என்று ஒப்புக்கொள்ளுகிற நல்ல குணம் எனக்கு எப்போதும் இருந்தது. பஸ்ஸில் யன்னல் பக்கம் திரும்பியவன் அல்லவா? இந்த முறை மட்டும் திரும்புவதில்லை என்று முடிவெடுத்தேன். அப்படித்தான் சொக்ஸோடு கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

அங்கே நௌஷாத் என்பவரின் கடை. அடக்கம் என்ற பொருளை அவர் அந்தக் கடையில் வைத்திருக்கவில்லை. கொழும்பில் தன்னை விட்டால் ஆளில்லை என்பதை நான் கதிரையில் உட்காருவதற்குள் இரண்டு தரம் சொல்லிவிட்டார். பிறகு டிஸ்க்கை மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்தார். "அண்ணன், இது மவுத்தாப் போன சாமான். ஆனா என்ட கையில வந்தா எழும்பி உக்காரும்" என்றார். அடியில் இருந்த மின்பலகை உப்பில் அரித்துப்போய்விட்டதாம். அதே இனத்து இன்னொரு டிஸ்க் கிடைத்தால் அதன் பலகையைக் கழற்றி இதில் மாட்டிப் பார்க்கலாமாம். சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய கந்தோர்ச் சாமான் விற்கிற கடைகளில் நான் குனிந்து திரிந்தேன். கடைசியில், கால் உடைந்த மேசைகளுக்குக் கீழே அதன் கூடப்பிறந்தது கிடந்தது.

நௌஷாத் கூப்பிட்ட அன்று ஓடினேன். ஒரு பென் டிரைவைக் கையில் தந்தார். என் பாடசாலைச் செயற்திட்டம் இருந்தது. சீட்டு விளையாட்டு இருந்தது. மாமாவின் பாஸ்போர்ட் படம் இருந்தது. குரல் இல்லை.

"கதைச்ச சாமான் ஒண்டும் இல்ல அண்ணன். மிச்சம் கெடந்ததெல்லாம் பைலாப் பாட்டு. அது இப்ப எங்கயும் எடுக்கேலும் தானே, அதான் உட்டுட்டன்."

நான் தலையாட்டினேன். நன்றியும் சொன்னேன். படியிறங்கித் தெருவுக்கு வந்து, முச்சக்கர வண்டி ஒன்றில் ஏறி, வெள்ளவத்தை என்று சொல்லி, வண்டியும் கொஞ்சத் தூரம் போய்விட்டது. அப்போதுதான் என் மண்டைக்குள் மெல்ல ஒரு கேள்வி வந்தது: தேவாரமும் செய்தியும் தவிர வேறெதுவும் கேட்காத எங்கள் அப்பாவின் வீட்டில் பைலா ஏது? அந்தக் காலத்துப் பொலிஸை ஏமாற்ற வைத்த பெயர், கால் நூற்றாண்டு கழித்துக் கொட்டாஞ்சேனையில் நௌஷாத்தை ஏமாற்றிவிட்டது. என்னையும் ஏமாற்றிவிட்டது. வண்டியைத் திருப்பச் சொன்னேன். சாரதி, எதையாவது மறந்துவிட்டீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். பெரிய விசயம் ஒன்றை, என்றேன்.

விசயத்தைக் கேட்டதும் நௌஷாத் டிஸ்க்கை மறுபடி மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். டிஸ்க் ஏற்கெனவே களைத்துப்போய்விட்டது, இன்னொரு முறை ஓட்டினால் நடுவழியில் நின்றுவிடும், பிறகு எவராலும் முடியாது என்றார். விட்டுவிட்டுப் போவோமா என்றுதான் அவர் முகம் கேட்டது. ஓட்டச் சொன்னேன். பல்லி சொல்ல ஆரம்பித்தது. முதலாவது வந்தது. இரண்டாவது வரவில்லை. மூன்றாவது பாதியில் நின்றது. நாலாவதும் ஐந்தாவதும் வந்தன. பிறகு உள்ளே ஏதோ உராய்கிற சத்தம் கேட்டு, எல்லாம் அடங்கிப்போனது. நௌஷாத் தன் வியர்வையைத் துடைத்துவிட்டு, வந்ததில் ஒன்றை அழுத்தினார்.

கடை முழுக்க அம்மா. வாசலில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நௌஷாத் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார், சுடு சட்டியைத் தொட்டவர் போல.

"ஒங்கட உம்மாவா?"

"ஓம்."

அவர் இன்னொரு பிரதியும் எடுத்துத் தந்தார்.

பக்கத்து ஒழுங்கையில் இப்போது நாங்கள் இருக்கும் வீட்டில் அம்மாவையும் அப்பாவையும் முன் அறையில் இருத்தி, பெரிய ஒலிபெருக்கியில் போட்டேன். ஐந்தாம் பைலா. செய்தி வாசிப்பது அம்மா. மூன்றாம் மாடியில் தண்ணீர் இல்லை, இரண்டாம் மாடியில் தண்ணீர் உண்டு, ஆனால் அவர்கள் தருவதாக இல்லை. அந்த இடத்தில் பின்னாலிருந்து, நாற்பது சொச்ச வயது அப்பா கிசுகிசுக்கிறார்: "இஞ்சரும், மெல்லமாக் கதையுமன், வெளியிலை கேக்கும்." செய்தி நிற்கிறது. பிறகு மைக்கையும் சுவரையும் தாண்டி வருகிறது: "கேக்கட்டுமன். நான் என்ன களவெடுத்தனானே? என்ரை வீட்டிலை என்ரை வாயாலை கதைக்கிறன். மெல்லமாக் கதைக்க எனக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் கதைக்க மா" என்பதோடு அறுபது செக்கன் முடிந்தது.

அம்மா கையைத் தூக்கி, மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். இன்னொருதரம் போடவேண்டுமாம். போட்டேன். திரும்பவும் தட்டினார். நாலாவது தரம் பெருவிரலை மேலே காட்டினார். சத்தத்தைக் கூட்டு என்று அர்த்தம். கூட்டினேன். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

வாசல் மணி அடித்தது. கீழ் வீட்டில் இருக்கும் சிங்கள ஐயா. போன வருடம் குடிவந்தவர், நல்ல மனிதர், படியில் சந்தித்தால் அம்மாவுக்குக் கைகூப்பிவிட்டுப் போவார். அவருக்குத் தெரிந்தது பேசாத அம்மாவை மட்டும்தான். கொஞ்சம் குறைக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டார். நான் பழக்கதோசத்தில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அப்பா தன் கைத்தடியை ஊன்றி எழும்பி வாசலுக்கு வந்துவிட்டார்.

"அடு கரன்ன பே, மஹத்தயா," என்றார், உரத்து. குறைக்க முடியாது என்று. எங்கள் அப்பா. அந்த வசனத்தை எந்த மொழியிலும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

கீழ் வீட்டு ஐயா திகைத்துப்போய், இப்படிப் பேசுகிறது யார் என்று கேட்டார்.

"மகே நோனா," என்றார் அப்பா. என் மனைவி.

ஐயா, வாயை மூடி உட்கார்ந்திருக்கும் அம்மாவைப் பார்த்தார். ஒலிபெருக்கியைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, தமிழ் ஒரு சொல்லும் விளங்காமல் முழு அறுபது செக்கனையும் கேட்டார்.

அந்தப் பழைய மூன்றாம் மாடி இன்றில்லை. இடித்துவிட்டுப் பத்து மாடி கட்டியிருக்கிறார்கள். பாய் விரித்துப் படுத்திருந்தவர்கள் நாலு கண்டங்களில் கட்டிலில் படுக்கிறார்கள். அந்த டிஸ்க்கும் போய்விட்டது. அம்மாவின் குரல் இனி அவர் தொண்டையால் வராது. டொக்டரோடு நான் வாதாடப் போவதில்லை. ஆனால் இப்போது ஆட்கள் வந்தால் அம்மா உள் அறைக்குப் போவதில்லை. முன் அறையில், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இருக்கிறார். வந்தவர் உட்கார்ந்ததும் மேசையில் தட்டுகிறார். நான் எழும்பிப் போய்ப் போடுகிறேன், யன்னல்களை நன்றாகத் திறந்துவிட்டு.